எம்.பி.பி.எஸ். முதல் ஆண்டு: படித்தது தேர்வு வரை தங்க எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

கோட்டையூரில் ஒரு ஆச்சி வீட்டு வளவில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஐந்தாறு முதலாண்டு மருத்துவ மாணவர்கள் வந்து உட்காருவார்கள். சில வருடங்களாக நானும் அவர்களோடு உட்காருகிறேன். பெரும்பாலும் பள்ளத்தூர், புதுவயல், தேவகோட்டைப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்துவிட்டு, 2020-இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் பிடித்தவர்கள். அவர்களில் சோம்பேறி ஒருவரும் கிடையாது. முதல் இன்டர்னலில் (கல்லூரியே வைக்கும் உள் தேர்வில்) சறுக்காதவரும் அநேகமாகக் கிடையாது.

நானும் மூன்று தடவை அடிக்கோடு போட்டுப் படித்த அனாட்டமியில் தோற்று, சப்ளிமென்டரி எழுதி மேலே வந்தவன்தான். அப்போது நான் செய்த தப்பைத்தான் ஒவ்வொரு வருடமும் புதிதாக வருகிறவர்களும் செய்கிறார்கள்: செய்யும் வேலைகள் சரி, வரிசை தப்பு. அதனால் இதைப் படிக்கும்போது எண்களைத் தாண்டிப் போகாதீர்கள். 5-ஆவதை 3-ஆவதற்கு முன்னால் செய்தால் அது வேலை செய்யாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு பாடத்துக்கு ஒரு புத்தகம், ஒன்றே ஒன்று. சீனியர் கொடுத்த நோட்ஸ், நண்பன் அனுப்பிய பி.டி.எஃப்., யூடியூப் லெக்சர் எல்லாம் புரியாத இடத்தில் எட்டிப் பார்க்க மட்டும். மூன்று புத்தகத்தை ஒரே நேரத்தில் விரித்தால் ஒப்பிடுவதிலேயே இரவு போய்விடும்.

பாடத்திட்டத்தின் தலைப்புப் பட்டியல் வேண்டும். தேசிய மருத்துவ ஆணையத்தின் பாடத்திட்டத்தில் ஒவ்வொரு திறனுக்கும் எண் கொடுத்திருப்பார்கள். அதோடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பழைய வினாத்தாள்கள் ஐந்தாறு. இவற்றை முதல் நாளே எடுத்து வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: எதை எந்த ஆழத்துக்குக் கேட்பார்கள் என்று தெரியாதவர் எல்லாவற்றையும் ஒரே ஆழத்தில் படிக்கப் பார்ப்பார்.

ஒரு பக்கம் அச்சான பழைய தாள் ஒரு கட்டு, இரண்டு நிறப் பேனா, ஒரு பென்சில், ஒரு நீள நோட்டு. கேள்விகளுக்கு அட்டையோ அங்கி (Anki) செயலியோ எது வசதியோ அது. அங்கி என்பது கேள்வி அட்டைகளை (கார்டுகளை) இடைவெளி விட்டுத் திரும்பக் காட்டும் செயலி. ஆண்ட்ராய்டிலும் கணினியிலும் அங்கி இலவசம். ஆனால் செயலியை இன்றைக்கே இறக்கி, யாரோ போட்ட இருபதாயிரம் கார்டுகளை உள்ளே தள்ளிவிடாதீர்கள். அதற்கான இடம் 6-ஆவது படி.

2. பாடத்தை ஒரு தாள் அளவுக்கு வெட்டுங்கள்

"இன்னைக்கு அப்பர் லிம்ப் முடிக்கிறேன்" என்று ஒரு பையன் எழுதி வைத்திருந்தான். அது ஒரு நாள் வேலை அல்ல, ஒரு மாத வேலை. முடியாத வேலையைத் திட்டத்தில் போட்டால், எங்கே முடிந்தது எங்கே விட்டது என்பதே தெரியாது.

அளவுகோல் இதுதான்: பார்க்காமல் எழுதினால் ஒரு தாளில், பத்து நிமிடத்தில் அடங்க வேண்டும். பிரேக்கியல் பிளெக்ஸஸ் (கைக்குப் போகும் நரம்புப் பின்னல்) எப்படி அமைகிறது என்பது ஒரு துண்டு. ரேடியல் நரம்பு போகும் வழி இன்னொரு துண்டு. அந்த நரம்பு எங்கே அடிபட்டால் என்ன கெடும் என்பது மூன்றாவது. நீள நோட்டில் துண்டுக்கு ஒரு வரி என்று இடப்பக்கம் எழுதிக்கொண்டே போங்கள். வலப்பக்கம் தேதிகளுக்காகக் காலியாக இருக்கட்டும்.

3. முதலில் புரிய வேண்டும், அதுவும் தமிழில்

புரியாததை நினைவில் நிறுத்துவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் எடுக்கிற கதை. ஒரு பிள்ளை ஆக்சிஜன் டிஸோசியேஷன் கர்வ் (ஹீமோகுளோபின் ஆக்சிஜனை எவ்வளவு பிடித்து வைக்கிறது என்று காட்டும் வளைகோடு) வலப்பக்கம் நகரும் காரணங்களை அட்சரம் பிசகாமல் ஒப்பித்தது: கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் அயனி, வெப்பம், 2,3-பி.பி.ஜி. "சரி, நீ பஸ்ஸைப் பிடிக்க ஓடுறே. கால் தசையில என்ன நடக்கும்?" என்று கேட்டேன். பதில் இல்லை.

ஓடுகிற தசை சூடாகும், அமிலம் சேரும், கார்பன் டை ஆக்சைடு கூடும். இந்த மூன்றும் ஹீமோகுளோபினின் பிடியைத் தளர்த்தும். பிடி தளர்ந்தால் ஆக்சிஜன் எங்கே தேவையோ அங்கேயே இறங்கும். அதைத்தான் கர்வ் வலப்பக்கம் நகர்கிறது என்கிறோம். இப்படி ஒரு முறை பேச்சுத் தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டால் அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே பாதி குறைந்துவிடுகிறது.

தமிழ்வழியில் வந்தவர்கள் இங்கே இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். ஒரு சாரார் ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் அகராதியில் தமிழ் தேடி, இரட்டை வேலை செய்கிறார்கள். இன்னொரு சாரார் தமிழில் யோசிப்பதே இழுக்கு என்று நினைத்துப் புரியாத ஆங்கில வாக்கியத்தை அப்படியே விழுங்குகிறார்கள். இரண்டும் வேண்டாம். விளக்கம் தமிழில், பெயர்கள் ஆங்கிலத்தில். விடையை முழுக்க ஆங்கிலத்தில் எழுதிப் பழகுவது மூன்றாம் சுற்றிலிருந்து (சுற்றுகளின் தேதி 7-ஆவது படியில்). கருத்தும் மொழியும் ஒரே நாளில் தலையில் ஏறினால், எது தெரியவில்லை என்று உங்களுக்கே பிரித்துச் சொல்ல முடியாது.

4. புத்தகத்தை மூடுங்கள்

வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்று அடம்பிடித்தால் இதைச் செய்யுங்கள்.

துண்டைப் படித்துப் புரிந்ததும் புத்தகத்தை மூடி, கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஐந்து நிமிடம் வேறு வேலை: முகம் கழுவுங்கள், தண்ணீர் குடியுங்கள். பிறகு வெள்ளைத் தாளில், நினைவில் வருவதையெல்லாம் எழுதுங்கள், படம் போடுங்கள். பத்து நிமிடம் அலாரம். தாள் பாதி காலியாக இருந்தாலும் அலாரம் அடிக்கும் வரை எழுந்திருக்கக் கூடாது.

இது கஷ்டமாக இருக்கும். கஷ்டமாக இருப்பதால்தான் புதியவர்கள் மூன்றாம் நாள் விட்டுவிடுகிறார்கள். திரும்பத் திரும்பப் படிப்பது சுகமானது. வரிகள் பழகிய முகம்போல் தெரியும், தெரிந்துவிட்டது என்று மனம் சொல்லும். தெருவில் தினம் பார்க்கிற முகம்தான், ஆனால் பேர் கேட்டால் வாயில் வராது. தேர்வில் கேட்பது பேரை.

ராடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இந்த ஏமாற்றத்தை எண்ணில் காட்டியது. மாணவர்கள் சில பகுதிகளைப் படித்தார்கள். பிறகு அவற்றில் ஒரு பாதியை இன்னொரு முறை படித்தார்கள். மறு பாதியைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, இரண்டு முறை படித்தது 81 சதவீதமும் எழுதிப் பார்த்தது 75 சதவீதமும் நினைவிலிருந்தன. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: படித்தது 42, எழுதிப் பார்த்தது 56. இரவு உட்கார்ந்து படித்துவிட்டுக் காலையில் "எல்லாம் தெரியும்" என்று போகிற நம்பிக்கை, அந்த முதல் ஐந்து நிமிடத்து நம்பிக்கைதான்.

ஆரம்பத்தில் ஆச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "ஏன்ப்பா, பிள்ளைக எல்லாம் புத்தகத்த மூடி வச்சுட்டு விட்டத்தப் பாத்துக்கிட்டு இருக்குதுக. படிக்கலையா?" அதுதான் படிப்பு ஆச்சி என்றேன். நம்பவில்லை. உங்கள் வீட்டிலும் நம்ப மாட்டார்கள், ஹாஸ்டல் அறை நண்பனும் நம்ப மாட்டான். முதல் மாதம் இதைச் சமாளிக்கத் தயாராக இருங்கள்.

இங்கே வழக்கமாக நடக்கும் தப்பு ஒன்று: எழுதும் நடுவில் "ஒரே ஒரு சொல்" பார்க்க புத்தகத்தைத் திறப்பது. திறந்த நொடியில் தேடல் நின்றுவிடும். வராத இடத்தில் ஒரு கட்டம் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

5. உடனே சரிபாருங்கள், பாக்கியை எழுதுங்கள்

எழுதி முடித்ததும், புத்தகத்தைத் திறப்பதற்கு முன், எந்தெந்த வரி நிச்சயமாகச் சரி என்று தோன்றுகிறதோ அதன் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து வேறு நிறப் பேனாவால் திருத்துங்கள்.

புள்ளி வைத்தும் தப்பானவை உங்களுக்குக் கிடைத்த புதையல். சரி என்று உறுதியாக நம்பிய தவறு, விடை தெரிந்ததும் மற்ற தவறுகளைவிட நன்றாகத் திருந்துகிறது என்பதை பட்டர்ஃபீல்டும் மெட்கால்ஃபும் 2001-இல் காட்டினார்கள். ஆனால் யாராவது திருத்த வேண்டும். திருத்தாமல் விட்டால் தப்பு தப்பாகவே வேர் பிடிக்கும். அதனால் சரிபார்ப்பை மறுநாளுக்குத் தள்ளாதீர்கள்.

விட்டுப்போனவை, தப்பானவை மட்டும் நோட்டின் பின்பக்கம் போகட்டும். தேதி, துண்டின் பெயர், என்ன விட்டது, ஒரே வரி. ஒரு நாள் ஆச்சி அந்த நோட்டைப் புரட்டிவிட்டு, "இது பாக்கி நோட்டுல்ல?" என்று சிரித்தார்கள். ஐந்தொகை (வரவு செலவுக் கணக்கு) பார்த்து வளர்ந்த வீடு. அன்றிலிருந்து எங்களுக்கு அது பாக்கி நோட்டுத்தான். ஞாயிற்றுக்கிழமை முதல் வேலை அந்த வாரத்துப் பாக்கியைத் தீர்ப்பது: ஒவ்வொரு வரியையும் பார்க்காமல் சொல்ல முடிந்தால் அடித்துவிடலாம்.

முழு தாளையும் அழகாக மறுபடி எழுதிக் கோப்பில் வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, பெண்பிள்ளைகளுக்குக் கொஞ்சம் அதிகம். கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. அதற்குப் போகும் ஒரு மணி நேரத்தில் இன்னும் நாலு துண்டு மூடி எழுதியிருக்கலாம். தாளைக் கிழித்துப் போடுங்கள்.

6. இப்போதுதான் கேள்வி எழுத வேண்டும்

சரிபார்த்த பிறகே கேள்வி. காரணம்: எது உங்களுக்கு விட்டுப்போகிறது என்று இப்போதுதான் தெரியும். லெக்சர் ஹாலிலேயே கார்டு போடுகிறவர்கள் ஏற்கெனவே தெரிந்ததற்கும் கேள்வி எழுதிக் குவிக்கிறார்கள்.

ரேடியல் நரம்பை வைத்து ஒரு மாணவி முதலில் எழுதிய கார்டு: "ரேடியல் நரம்பு பற்றி?" பின்பக்கத்தில் பதினாறு வரி. இந்தக் கார்டு வரும்போதெல்லாம் பத்து வரி சொல்லிவிட்டு, சரி தெரிகிறது என்று தள்ளிவிடுவாள். விட்டுப்போன ஆறு வரி எப்போதும் அதே ஆறு வரி.

அதை உடைத்தோம். பிளெக்ஸஸின் எந்தக் கார்டிலிருந்து (cord, நரம்புக் கற்றை) வருகிறது? போஸ்டீரியர் கார்டு. எந்த வேர்கள்? சி5 முதல் டி1 வரை. ஹியூமரஸின் (மேல்கை எலும்பின்) பின்புறம் எந்தப் பள்ளத்தில் ஓடுகிறது? ஸ்பைரல் குரூவ். இதுவரை சாதாரணம். நான்காவது கேள்விதான் வேலை செய்தது: "பைக்கில் விழுந்து ஹியூமரஸ் நடுவில் முறிந்தவர் வருகிறார். மணிக்கட்டு தொங்குகிறது, ஆனால் முழங்கையை நீட்ட முடிகிறது. ஏன்?"

விடை: முழங்கையை நீட்டும் தசையான ட்ரைசெப்ஸுக்குப் போகும் முக்கியக் கிளைகள், நரம்பு அந்தப் பள்ளத்துக்குள் இறங்குவதற்கு முன்பே பிரிந்துவிடுகின்றன. அதனால் முழங்கை தப்பிக்கிறது. மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளுக்கான கிளைகள் கீழே பிரிவதால் அவை மாட்டிக்கொள்கின்றன. இந்த ஒரு கேள்வியைச் சரியாகச் சொல்ல நரம்பின் பாதை, கிளை பிரியும் வரிசை, தசையின் வேலை மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் வார்டில் கேட்பதும் இதைத்தான்.

ஆக ஒரு துண்டுக்கு மூன்று சிறிய கேள்வி, ஒரு "ஏன்" கேள்வி போதும். நாளைக்குப் புதிய கேள்வி 15-ஐத் தாண்ட வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒவ்வொரு கேள்வியையும் ஐந்து முறை திரும்பப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், சில மாதத்தில் தினமும் 75 கேள்வி வந்து நிற்கும். கேள்விக்கு 20 விநாடி என்றால் 25 நிமிடம். நாளைக்கு 100 புதிய கேள்வி போடுகிற ஆர்வக்காரருக்கு அதே கணக்கில் தினமும் 500, கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணி நேரம். அங்கி செயலியை வெறுத்து நீக்கியவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் கணக்கில் மாட்டியவர்கள்.

அடுத்தவர் கார்டுகளைப் பற்றிக் கேட்பீர்கள். வாங்கிக்கொள்ளலாம், ஆனால் நீங்கள் மூடி எழுதிய துண்டுக்கான கார்டுகளை மட்டும், அந்த நாளில் திறந்துவிடுங்கள்.

7. தேதி போடுங்கள்

மறதிக்கு இடம் கொடுத்துத் திரும்பப் போவதுதான் இங்கே சூட்சுமம். மறக்கும் முன்பே திரும்பிப் போனால் வேலை சுலபம், பலன் குறைவு. முழுக்க மறந்த பிறகு போனால் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும்.

நாங்கள் நோட்டின் வலப்பக்கத்தில் போடும் தேதிகள்: படித்த இரவு, மறுநாள், நாலாம் நாள், பத்தாம் நாள், ஒரு மாதம், பிறகு இரண்டரை மாதம். இது கல்லில் வெட்டியது அல்ல. செபேடாவும் கூட்டாளிகளும் 1,350-க்கும் மேற்பட்டவர்களை வைத்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், எவ்வளவு நாள் கழித்துத் தேர்வு என்பதைப் பொறுத்துச் சிறந்த இடைவெளி மாறியது. ஒரு வாரம் கழித்துத் தேர்வு என்றால் அந்தக் காலத்தில் 20 முதல் 40 சதவீதம். ஒரு வருடம் கழித்து என்றால் 5 முதல் 10 சதவீதம். நடைமுறைக்கு இப்படி எடுத்துக்கொள்ளலாம்: மாடல் தேர்வுக்கு 70 நாள் இருக்கிறது என்றால் ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை இடைவெளி விட்டுத் திரும்பிப் போங்கள். நேற்றுப் படித்ததையே இன்றும் நாளையும் உருட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஒரு சுற்றில் சரியாகச் சொல்லிவிட்டால் அந்தத் துண்டு முடிந்தது என்று நினைப்பது அடுத்த தப்பு. கார்பிக்கியும் ராடிகரும் 2008-இல் சுவாஹிலிச் சொற்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு சொல்லை ஒரு முறை சரியாகச் சொன்ன பிறகும் தொடர்ந்து கேட்டவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 80 சதவீதம் அளவுக்கு நினைவிருந்தது. சரியாகச் சொன்னதைக் கேட்பதிலிருந்து எடுத்துவிட்டவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான். மறுபடி மறுபடி படித்தும் அந்த ஓட்டை அடையவில்லை.

மருத்துவத்திலேயே செய்த சோதனை வேண்டுமென்றால் லார்சனும் கூட்டாளிகளும் 2009-இல் வெளியிட்டதைச் சொல்வேன். குழந்தை மருத்துவம், அவசர சிகிச்சைப் பிரிவு ரெசிடென்ட்டுகளுக்கு (பயிற்சியில் இருக்கும் டாக்டர்களுக்கு) ஸ்டேட்டஸ் எபிலெப்டிகஸ் (நிற்காத வலிப்பு), மயஸ்தீனியா கிராவிஸ் (தசை தளரும் நோய்) என்று இரண்டு தலைப்பு நடத்தினார்கள். ஒன்றில் சுமார் இரண்டு வார இடைவெளியில் சோதனைகள், மற்றதில் அதே நாட்களில் படிப்பதற்குக் குறிப்புத் தாள். ஆறு மாதம் கழித்து, சோதனை எழுதிய தலைப்பில் 39 சதவீதம், படித்த தலைப்பில் 26 சதவீதம். 39 என்பதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். ஆறு மாதத்தில் மனித மூளை இவ்வளவுதான் வைத்துக்கொள்கிறது, நன்றாகச் செய்தாலும். அதனால்தான் இரண்டரை மாதச் சுற்றை விடாதீர்கள் என்கிறேன்.

8. பிறகு கலக்குங்கள்

முதல் இரண்டு சுற்றும் துண்டு துண்டாகப் போகட்டும். மூன்றாம் சுற்றிலிருந்து கேள்விகளைக் குலுக்கிப் போடுங்கள்: ஒரு அனாட்டமி, ஒரு பிசியாலஜி, இரண்டு பயோகெமிஸ்ட்ரி என்று.

ரேடியல் நரம்புக் கேள்விகள் பத்தை வரிசையாகச் செய்தால், பதினோராவது கேள்விக்கு யோசிக்காமலே ரேடியல் என்று எழுதலாம். நோயாளி எந்த அத்தியாயம் என்று நெற்றியில் எழுதிக்கொண்டு வர மாட்டார். ஹத்தாலாவும் கூட்டாளிகளும் 2003-இல் இ.சி.ஜி. படிக்கக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். நோய்வாரியாகப் பயிற்சி செய்தவர்கள் 30 சதவீதமும், கலந்து பயிற்சி செய்தவர்கள் 46 சதவீதமும் சரியாகச் சொன்னார்கள்.

கலக்கத் தொடங்கிய வாரம் மதிப்பெண் குறையும். அதைப் பார்த்துப் பயந்து பழைய முறைக்கே திரும்பிப் போனவர்கள் என் கணக்கில் பாதிப் பேர். குறைவது இயல்பு. இரண்டு வாரம் பொறுங்கள்.

9. வரிசையாக நினைவிருக்க வேண்டியவைக்கு மட்டும் ஒரு வீடு

சில விஷயங்களில் புரிய வைக்க ஒன்றும் இல்லை. மண்டை நரம்புகள் பன்னிரண்டு, அவற்றின் வரிசை எண் வேண்டும், அவ்வளவுதான். இதற்குத் தெரிந்த இடம் ஒன்றில் நடந்துபோவது பழைய உத்தி. நம்மூர் வீடு இதற்கென்றே கட்டியது மாதிரி: வாசலில் நுழைந்தால் பின்வாசல் வரை ஒரே நேர்கோடு.

நாங்கள் ஆச்சி வீட்டில் நிஜமாகவே நடந்து வைத்த வரிசை இது. திண்ணையில் மல்லிகைக் கூடை, வாசனை: ஒன்று, ஆல்ஃபாக்டரி. முகப்பில் பெரிய நிலைக்கண்ணாடி, பார்வை: இரண்டு, ஆப்டிக். நிலைக்கதவின் மேல் செதுக்கிய கஜலட்சுமியைப் பார்க்க இமையைத் தூக்கிக் கண்ணை மேலே உருட்ட வேண்டும்: மூன்று, ஆக்குலோமோட்டர். வளவு முற்றத்துக்குப் படி இறங்கும்போது கண்ணைத் தாழ்த்தி மூக்குப் பக்கம் பார்க்கிறோம்: நான்கு, ட்ரோக்ளியர். இந்த நரம்பு கெட்டவருக்குப் படி இறங்கும்போதுதான் இரண்டிரண்டாகத் தெரியும், அதனால் இந்தப் படியை யாரும் மறக்கவில்லை.

தூணோரம் உட்கார்ந்து சீப்புச் சீடை கடிக்கிறார் ஒருவர், கடித்தால் தாடை வலிக்கிறது: ஐந்து, ட்ரைஜெமினல். பக்கத்து அறையில் என்ன என்று ஓரக்கண்ணால் பார்வை வெளிப்பக்கம் போகிறது: ஆறு, அப்டூசன்ஸ். சுவரில் சிரித்த முகத்தோடு பழைய போட்டோ: ஏழு, ஃபேசியல். ஊஞ்சல்: சங்கிலிச் சத்தம் கேட்கிறது, உடம்பு ஆடுகிறது, காதுக்கும் சமநிலைக்கும் சேர்த்து எட்டு. இரண்டாங்கட்டில் கசப்புக் கஷாயம் தொண்டையில் இறங்குகிறது: ஒன்பது, குளோசோஃபெரிஞ்சியல். சாப்பிட்டுவிட்டு நெஞ்சுத் துடிப்பு மெல்ல, வயிறு வேலை செய்யத் தூங்குகிறார் பெரியவர்: பத்து, வேகஸ். மூன்றாங்கட்டில் புதுவயல் அரிசி மூட்டையைத் தோளில் தூக்குகிறோம்: பதினொன்று, அக்சஸரி. கிணற்றடியில் நாக்கை வழிக்கிறோம்: பன்னிரண்டு, ஹைப்போகுளோசல்.

இப்படிப்பட்ட வீட்டுக்குள் போயே பார்த்திராத பிள்ளைகளும் வருகிறார்கள். ஒருவன் தன் வீட்டில் மொத்தமே இரண்டு அறை என்றான். அவன் காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் பஸ்ஸில் ஏறி, குன்றக்குடி, பிள்ளையார்பட்டி என்று தினம் பார்க்கிற நிறுத்தங்களில் பன்னிரண்டையும் இறக்கிவிட்டான். நன்றாகவே வேலை செய்தது.

வீடு வரிசைக்கு மட்டும்தான். கிளைக்காலிசிஸின் (செல் குளுக்கோஸை உடைக்கும் வழியின்) பத்துப் படிகளையும் திண்ணையில் வைக்க ஒருவன் முயன்றான். எந்த மூன்று படி திரும்பி வராதவை, ஏன் என்பது அவனுக்குக் கடைசி வரை தெரியவில்லை. ஹெக்ஸோகைனேஸ், பாஸ்ஃபோ ஃபிரக்டோகைனேஸ், பைருவேட் கைனேஸ் என்ற மூன்றையும் ஆற்றல் கணக்கோடு புரிந்துகொள்ள வேண்டும், ஊஞ்சலில் வைக்கக் கூடாது.

10. கைவேலைக்கும் இதே இடைவெளி

ஸ்பாட்டர் (வைத்த பொருளைப் பார்த்து அடையாளம் சொல்வது), ஹிஸ்டாலஜி (திசு) ஸ்லைடு, பி.பி. பார்ப்பது எல்லாவற்றையும் பிராக்டிகலுக்கு முந்தைய வாரம் அடுக்குவது வழக்கம். வாரத்துக்கு அரை மணி என்று பிரித்து வையுங்கள். ஜூனியர் அறுவைசிகிச்சை ரெசிடென்ட்டுகள் 38 பேருக்கு நுண் ரத்தக்குழாய் தைக்கக் கற்றுக்கொடுத்து, 2006-இல் மோல்டனும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு உண்டு. நாலு பயிற்சியையும் ஒரே நாளில் முடித்தவர்களைவிட, வாரம் ஒன்றாக நாலு வாரம் செய்தவர்கள் ஒரு மாதம் கழித்து நன்றாகத் தைத்தார்கள்.

ஸ்லைடில் ஒரு எச்சரிக்கை. போட்டோவைப் போனில் எடுத்து வைத்துப் பார்த்தால், அந்த ஒரு ஸ்லைடின் ஓரத்தில் இருக்கும் கீறலை வைத்து விடை சொல்லப் பழகிவிடுவீர்கள். ஒவ்வொரு திசுவுக்கும் மூன்று வெவ்வேறு படம் வேண்டும்.

11. நாள் தவறிப்போனால்

கொப்புடையம்மன் திருவிழாவுக்கு ஊருக்கு வந்து நாலு நாள் தங்கினால், ஹாஸ்டலுக்குத் திரும்பும்போது 300 கேள்வி காத்திருக்கும். பார்த்ததும் செயலியை மூடிவிடத் தோன்றும். அங்கேதான் பலருக்கும் இந்த முறை மொத்தமாக நின்றுபோகிறது.

மூன்று நாளைக்குப் புதிய கேள்வி எழுதாதீர்கள். தினமும் 100 என்று வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எடுக்க வேண்டியது சமீபத்தில் படித்தவை, அதாவது மறுநாள், நாலாம் நாள் சுற்றில் இருப்பவை. அவை வேகமாகக் கரையும். ஒரு மாதச் சுற்றில் இருப்பவை இன்னும் மூன்று நாள் காத்திருந்தால் குடிமுழுகிப் போகாது. புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: பழையதை முதலில் தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்து, புதியதையும் பழையதாக்கிவிடுகிறார்கள்.

அந்த மூன்று நாளில், இதுவரை ஐந்து முறைக்கு மேல் தப்பான கேள்விகளைத் தனியாகக் குறித்து வையுங்கள். கேள்வி மோசமாக எழுதப்பட்டிருக்கும், அல்லது அந்தத் துண்டு உங்களுக்குப் புரிந்திருக்காது. இரண்டுக்குமே மறுபடி மறுபடி கேட்பது மருந்தல்ல. அந்தக் கேள்வியை அழித்துவிட்டு, அதே துண்டுக்கு 3-ஆவது படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.